எண்ணெய்ச் சீலையும் பால் பானையும்

மரத்துக்கு விடும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைக்கக் கூடாது என்று அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியின் முதல் வருடத்திலேயே உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நீங்களும் பரீட்சையில் சரியாக எழுதியிருப்பீர்கள். அந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றை இழுத்து இறுகிக் காய்கிறது. அப்படிக் காயும்போது சூடு பிறக்கிறது. துணியை விரித்துப் போட்டால் சூடு போய்விடும். மடித்து அடுக்கினால் சூடு உள்ளேயே தங்கி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது எனக்கு எந்த அளவுக்கு உதவியது, எந்த அளவுக்கு உதவவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பீலெஃபெல்ட் நகரத்துக்குப் பக்கத்தில் பழைய வீடுகளின் பலகைச் சுவர்களைத் திருத்திப் பூசும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் நாலு பேர்தான். எங்கள் மைஸ்டரே, அதாவது தலைமைத் தொழிலாளியே, முதலாளி. வாய் நீளம், கை சுத்தம். அவரிடம் பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் வேலை நன்றாக இருக்கிறது என்று நாங்களே அர்த்தம் எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனியில் உலகக் கிண்ணக் கால்பந்து நடந்த கோடை அது. தவம் அண்ணை அப்போதுதான் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்கியிருந்தார். தவம் அண்ணையும் நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். எனக்கு முதல் குளிர்ச்சட்டை அவர் தந்ததுதான். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து, கடைசியில் ஒரு வீடு. அவருக்கு அது வெறும் வீடு இல்லை. விடுதியில் எங்களுக்கு ஒரு அலுமாரித் தட்டுக்கூடச் சொந்தமாக இருந்ததில்லை.

வீட்டின் கீழ்ப்பகுதி செங்கல். மேலே, முகடு வரைக்கும் நிமிர்ந்த பலகைகள். மேற்குப் பக்கம் மழை அடித்து அடித்துப் பலகைகள் சாம்பல் நிறமாகியிருந்தன. சில இடங்களில் திருப்புளியை வைத்தால் வெண்ணெயில் போவது போல உள்ளே போனது. முன்னிருந்தவர் பளபளப்பான தடித்த மண்ணிறப் பூச்சைப் பூசி வைத்திருந்தார். வெடிப்புகளால் உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. வெளியே மினுக்கம், உள்ளே உக்கல்.

தவம் அண்ணை என்னை நம்பித்தான் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார். மைஸ்டர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் என்னிடம் சொன்னார்.

"ராசன், ஆடி பிறக்க முன்னம் குடிபுகவேணும். ஐயர் நாள் வைச்சிட்டார். வீடியோக்காரருக்கும் சொல்லியாச்சு. பலகை எல்லாம் பளபளவெண்டு மினுங்கவேணும், சரியோ?"

மைஸ்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"பளபளப்பு வேண்டுமென்றால் கார் வாங்கச் சொல்லு" என்றார் மைஸ்டர்.

நான் அதை அப்படியே சொல்லவில்லை. "அண்ணை, மினுக்கம் பூசினதாலைதான் உந்தப் பலகையள் உக்கினது. எண்ணெய்தான் விடலாம். மினுங்காது. ஆனால் கனகாலம் கிடக்கும்" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு, "நீ சொன்னால் சரி" என்றார். அந்த "நீ சொன்னால்" என்பதை நான் அந்தக் கோடை முழுவதும் முதுகில் சுமந்தேன்.

வைகாசியில் நல்ல மழை. ஈரப் பலகையில் கை வைக்க மைஸ்டர் விடவில்லை. அதன்பின் வெயில் வந்தது, வேலையும் ஓடியது. பழைய பூச்சைச் சுரண்டினோம், உக்கியதைக் கழற்றினோம், புதிதை இணைத்தோம், எண்ணெய் விட்டோம். விபரம் உங்களுக்குத் தேவையில்லை. கடைசிப் பலகைகளுக்கு எண்ணெய் விட்டு முடித்தது குடிபுகும் சடங்கான குடிபூரலுக்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம். வீட்டின் மேற்குச் சுவரோடு ஒட்டிப் பலகையால் இறக்கிய ஒரு பத்தி இருந்தது. சைக்கிளும் தோட்டச் சாமான்களும் போட்டு வைக்கிற இடம். அதற்கு நேர் மேலே இருந்த பலகைகள்தான் கடைசியாக முடித்தவை.

எண்ணெய் விட்டால் சற்றுப் பொறுத்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். நாங்கள் கொண்டுவந்த துணி முடிந்துவிட்டது. தவம் அண்ணையின் மனைவி வதனி பழைய பருத்திச் சீலைகளைக் கிழித்துத் தந்தார். இவ்வளவு நல்ல துணி எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. உறிஞ்சும், நூல் விடாது. துடைத்து முடிந்ததும் ஒவ்வொன்றாக உதறி, தோட்டத்துக் கயிற்றில் இடைவெளி விட்டுப் போட்டேன். ஊர் முழுக்க மாடங்களில் கால்பந்துக்காகத் தேசியக் கொடி பறந்தது. எங்கள் பக்கம் மட்டும் எண்ணெய் ஊறிய சீலைத் துண்டுகள்.

புறப்படும்போது தவம் அண்ணையிடம், "அண்ணை, உந்தத் துணியளை ஒருத்தரும் தொடவேண்டாம். திங்கள் நான் வந்து எடுக்கிறன்" என்றேன்.

"ஓம் ஓம், அது கிடக்கட்டும். நாளைக்கு வெள்ளண வா. மைஸ்டரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

மறுநாள் காலை மைஸ்டர் கோட் சூட் போட்டு, பூங்கொத்தோடு வந்தார். வாசலில் வதனியின் தமக்கை மலர் அக்கா நின்றார். டோர்ட்மண்டில் இருந்து முதல்நாள் பின்னேரமே வந்து, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் கையில் எடுத்திருந்தார். அவர் வந்தால் ஒரு தேக்கரண்டிகூடத் தன் இஷ்டத்துக்குக் கிடக்க முடியாது. வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் இரண்டு வாளியும் நிறையத் தண்ணீர், மேலே மிதக்கிற செம்பு. வருகிறவர்கள் கால் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று அவருடைய ஏற்பாடு.

"அக்கா, எல்லாரும் சொக்ஸோடை காருக்குள்ளாலை இறங்கி வாறாங்கள். ஆர் கால் கழுவப் போறான்?" என்று தவம் அண்ணை பகிடி பண்ணினார்.

"கழுவிறவன் கழுவட்டும். தண்ணி வைக்கிறது முறை" என்றார் மலர் அக்கா.

ஒருவரும் கழுவவில்லை. மைஸ்டரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொக்ஸோடு உள்ளே போனார். யாரோ அவர் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டார்கள். முதுகு வலிக்காரரான அவரைக் கதிரையில் இருத்தினோம்.

வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் ஐயர் மணல் தட்டில் ஓமம் வளர்த்தார். புகை எச்சரிக்கைக் கருவி கத்திக் குழப்பாமல் இருக்க, தவம் அண்ணை முதல்நாளே அதன் பற்றரியைக் கழற்றி வைத்திருந்தார். நம்மவர்கள் வீட்டில் சடங்கு என்றால் முதலில் செய்கிற வேலை அதுதானே. நெய், சாம்பிராணி, கர்ப்பூரம், இதற்கிடையே குசினிப் பக்கம் வடை பொரிகிறது. சிறுவர்கள் சடங்கில் சலித்துப் போய் மேலே, முகட்டறையில் ஓடி விளையாடினார்கள். தலைக்கு மேலே தடதடவென்று சத்தம்.

ஓமம் முடிந்து பால் காய்ச்சுகிற கட்டம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புது வீட்டில் முதன்முதலாகப் பால் காய்ச்சி, அது பொங்கி வழிய வேண்டும். குறித்த நல்ல நேரத்துக்குள் வழிய வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். பெண்கள் அடுப்பைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். வீடியோக்காரர் பானைக்கு நேரே விளக்கைப் பிடித்தார். நான் பின்னால் யன்னலோடு நின்றேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

கருகிய பழைய பொரித்த எண்ணெய் போல, ஆனால் அதைவிடக் கார்ப்பாக, தொண்டையில் பிடிக்கிற மணம். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா மூக்கைச் சுளித்து, "உவங்கள் பலகைக்கு அடிச்ச எண்ணெய் மணக்குது" என்றார். அவர் சொன்னது நியாயமே. புதிதாக எண்ணெய் விட்ட வீடு அப்படித்தான் மணக்கும் என்று அவர் நினைத்தார். திரும்பி மைஸ்டரைப் பார்த்தேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர். மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, "இது எந்தச் சாம்பிராணி? கொஞ்சம் கடுமையாக இருக்கிறது" என்றார். முப்பது வருடமாக ஆளி எண்ணெயோடு வாழ்ந்த மனிதர். வேறெந்த வீட்டில் என்றாலும் அந்த மணத்துக்குப் பாய்ந்து எழுந்திருப்பார். அங்கே வந்த எல்லா மணமும் எங்கள் சடங்கின் மணம் என்று அடக்கமாக இருந்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு ஓமப்புகை தெரியும், எண்ணெய் தெரியாது. மைஸ்டருக்கு எண்ணெய் தெரியும், ஓமப்புகை தெரியாது. இரண்டும் தெரிந்த மூக்கு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்குப் பெருமையாக இல்லை. பயமாக இருந்தது.

பலகையில் மெல்லியதாகத் துடைத்த எண்ணெய் எவ்வளவு வெயில் பட்டாலும் எரியாது. அப்படியென்றால் துணி. யன்னலால் தோட்டத்தைப் பார்த்தேன். கயிறு வெறுமையாகக் கிடந்தது.

தம்பிமார், தங்கைமார், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் கத்தியிருக்கலாம். கத்தியபின், துணி எங்கேயோ விரித்தபடி பத்திரமாகக் கிடந்தால்? தவம் அண்ணையின் குடிபூரலில் பால் பொங்குகிற நேரத்தில் "நெருப்பு" என்று கத்தியவன் நான் ஆவேன். இருக்கிற காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் காய்ச்சல் வந்தாலும் என் பெயர்தான் அடிபடும். கத்தாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மேலே தடதடக்கிற கால்கள் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே நான் செய்தது ஒன்றுதான்: கேட்டேன். துணி மடிக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் யாராக இருக்கும் என்று எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

பெண்களை விலக்கிக்கொண்டு மலர் அக்காவின் காதருகே போனேன்.

"அக்கா, கயித்திலை கிடந்த சீலைத் துண்டுகள் எங்கை?"

"இப்ப ஏன் தம்பி அது? பால் பொங்கப் போகுது. பேசாமல் நில்லும்."

"எங்கை அக்கா?"

"கிழிஞ்ச சீலை வாசலுக்கு முன்னாலை தொங்கினால் வாற சனம் என்ன நினைக்கும்? சாவீடு மாதிரிக் கிடந்துது. ராத்திரியே வடிவா மடிச்சுப் பையிலை போட்டுப் பத்திக்குள்ளை வைச்சனான். எறியேல்லை. உங்களுக்குத் தேவைப்படுமெண்டுதான்."

வடிவாக மடித்து. பையில் போட்டு. பத்திக்குள்.

மைஸ்டரைத் திரும்பிப் பார்த்து ஜெர்மன் மொழியில் சொன்னேன்: "துணி பத்திக்குள். மடித்து. நேற்றிரவிலிருந்து." அவர் முகத்தில் இருந்த விருந்தாளி அந்தக் கணமே எழுந்து போய்விட்டார். முதுகுவலியும் போய்விட்டது. கதிரை விழ எழுந்து, சொக்ஸோடு பின்கதவால் ஓடினார்.

அடுத்து தவம் அண்ணை. "அண்ணை, பத்தியிலை நெருப்பு. பிள்ளையள் மேலை நிக்குதுகள். கெதியா இறக்குங்கோ." பானையைப் பார்த்தபடி இருந்த அவர் கண் என்னிடம் வந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாடிப்படியில் மூன்று மூன்று படியாக ஏறினார்.

மற்றவர்களை வெளியே போகச் சொன்னேன். சிலர் அசைந்தார்கள். அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. "ரண்டு நிமிசம் தம்பி, பொங்கிவிடும்" என்றார் ஒரு அம்மா. ஐயரும், "நேரம் முடியப் போகுது" என்றார். அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன். புகை கண்ணுக்குத் தெரியவில்லை, பால் தெரிந்தது. பால் அடுப்பில் இருக்கும்வரை அவர்கள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது. கத்திப் பிரயோசனம் இல்லை. கையைப் பிடித்து இழுத்தும் பிரயோசனம் இல்லை.

தோளில் கிடந்த சால்வையை எடுத்தேன். இரண்டு கையிலும் சுற்றினேன். அடுப்பை நிறுத்திவிட்டு, பொங்க ஒரு விரற்கடை இருந்த பாலைப் பானையோடு தூக்கிக்கொண்டு வாசலால் வெளியே நடந்தேன்.

"ஐயோ, என்ன செய்யிறீர்!" என்று வதனி அலறியது கேட்டது. பின்னால் அத்தனை பேரும் வந்தார்கள். ஐயர் வந்தார், மலர் அக்கா வந்தார், வடை பொரித்தவர்கள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தார்கள், வீடியோக்காரர் விளக்கை அணைக்காமலே வந்தார். என்னை அடிக்கவா, பாலைக் காப்பாற்றவா என்று எனக்குத் தெரியாது. வந்தார்கள், அதுதான் வேண்டும். கூட்டத்தை நகர்த்த வேண்டுமென்றால் அது எதைப் பார்த்து நிற்கிறதோ அதை நகர்த்துங்கள். இந்தத் தொழிலில் நானாகவே கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான்.

பானையைத் தோட்டத்து மேசையில் வைத்துவிட்டு மேற்குப் பக்கம் ஓடினேன். பத்திக் கதவின் கீழ் இடுக்கால் மஞ்சள் கலந்த புகை கசிந்தது. மைஸ்டர் கதவைத் திறக்காமல் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணீர் கையில் வந்தபிறகுதான் திறப்பேன். திறந்தால் காற்றுப் போகும்" என்றார்.

தண்ணீர் எங்கே என்று ஒரு கணம் எனக்கு ஓடவில்லை. தோட்டக் குழாய் பத்திக்குள்தான் சுருட்டிக் கிடந்தது. மலர் அக்காதான் கத்தினார்: "வாசலிலை, தம்பி! கால் கழுவ வைச்ச தண்ணி!" சொன்னதோடு நிற்காமல், பட்டுச் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு வாளியைத் தானே தூக்கி வந்தார். நாலு பேராகத் தொட்டியை இழுத்து வந்தோம்.

கதவைத் திறந்தோம். பை இருந்த இடத்தில் நெருப்பு முழங்கால் உயரத்துக்கு எழும்பிப் பத்தியின் சுவர்ப் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. வாளி வாளியாக ஊற்றினோம். பையை வெளியே இழுத்து, துண்டு துண்டாகத் தொட்டிக்குள் அமுக்கினோம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பிள்ளைகளும் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள், தவம் அண்ணை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். யாரோ தீயணைப்புக்கு அழைத்தும் விட்டார்கள்.

மைஸ்டர் முடிந்ததாக நினைக்கவில்லை. "கடப்பாறை" என்றார்.

பலகைச் சுவரின் பின்னால் காற்றோட இடைவெளி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்களே விட்ட இடைவெளி. அது பலகையைக் காய வைக்கும். நெருப்புப் பிடித்தால் புகைபோக்கியும் அதுதான். ஏணியை வைத்து ஏறி, பத்திக்கு மேலே, முதல்நாள் பின்னேரம் எண்ணெய் விட்டு முடித்த அதே பலகைகளை மைஸ்டர் நெம்பிக் கழற்ற ஆரம்பித்தார். ஆணி கிறீச்சிட்டது. ஒரு பலகை பிளந்தது. நான் கீழே நின்று, "வெளியே ஒன்றும் தெரியவில்லையே, தீயணைப்பு வரட்டுமே" என்றேன். என் வேலையும் அதுதானே. என் கண் முன்னால் உடைகிறது. தவம் அண்ணையும் தன் வீடு உடைபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"வெளியே தெரியும்போது உனக்கு வீடு இருக்காது" என்றார் மைஸ்டர். கையை நிறுத்தவில்லை.

மூன்றாவது பலகை வந்ததும், பின்னால் இருந்த மரச்சட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு மேல்நோக்கிப் போயிருந்தது. சுவாலை இல்லை. சுருட்டு நுனி போலக் கனன்று, முகட்டறைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மிச்சத் தண்ணீரை அங்கே அடித்தோம்.

நல்ல வேலையைச் செய்வது ஒரு திறமை. செய்த நல்ல வேலையைத் தேவைப்படும்போது தயங்காமல் உடைப்பது இன்னொன்று. எனக்கு முதலாவது இருந்தது. இரண்டாவது அன்றைக்கு அவரிடம்தான் இருந்தது.

கிராமத்துத் தொண்டர் தீயணைப்பு வண்டி ஊதிக்கொண்டு வந்து சேர்ந்தது. அவர்கள் சுவரை முழுவதும் பார்த்து, இன்னும் இரண்டு பலகையைக் கழற்றித் தண்ணீர் அடித்தார்கள். பொறுப்பாக வந்தவர் எரிந்த துணியைக் காட்டிக் கேட்டார்: "இதை மடித்து உள்ளே வைத்தது யார்?"

அவர் கேட்டது ஜெர்மன். மலர் அக்காவுக்கு அவ்வளவு ஜெர்மன் வராது. ஆனால் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். "என்னவாம் கேக்கிறார்?" என்றார். வந்திருந்த சனம் முழுக்க அவரைப் பார்க்கிறது. தங்கையின் வீட்டுக் குடிபூரல். நான் எதை மொழிபெயர்ப்பது?

"சொல்லும் தம்பி."

சொன்னேன்.

"நான்தான் வைச்சனான். உள்ளதைச் சொல்லும் அவருக்கு" என்றார். தலை குனியவில்லை.

நான் வாயைத் திறக்கும் முன்னே மைஸ்டர் முந்திக்கொண்டார். "துணி என் நிறுவனத்தின் துணி. அது எங்கே போகிறது என்பது என் பொறுப்பு. அப்படி எழுதிக்கொள்ளுங்கள்." நெற்றியில் பொட்டு கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. வந்தவர் அதைப் பார்த்துச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு தொட்டியைக் காட்டி, வாசலில் இவ்வளவு தண்ணீர் வைக்க யாருக்கு யோசனை வந்தது என்று கேட்டார். அதற்கும் நான் மலர் அக்காவைத்தான் காட்ட வேண்டியிருந்தது. தீயணைப்புக்காரர் தொப்பியைத் தொட்டு அக்காவுக்கு மரியாதை செய்தார். மலர் அக்கா அப்போதுதான் அழுதார்.

எனக்குக் கிடைத்தது வேறு. மைஸ்டர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"கயிற்றில் போட்டாய். சரி. தொட வேண்டாம் என்று சொன்னாயா?"

"சொன்னேன்."

"யாரிடம்?"

"வீட்டுக்காரரிடம்."

"இந்த வீட்டில் துணி மடிப்பது வீட்டுக்காரரா?"

ஏன் தொடக்கூடாது என்பதையும் நான் சொல்லவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. அதன்பின் எந்த வீட்டில் எண்ணெய் வேலை முடித்தாலும், வேலை தந்தவரோடு நிறுத்த மாட்டேன். இங்கே துணியை மடிப்பவர், குப்பை கட்டுபவர் யார் என்று கேட்டு, அவரிடம் காரணத்தோடு சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன். ஜெர்மன்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தீயணைப்புக்காரர் வீட்டுக்குள் போகலாம் என்று சொன்னபோது, நல்ல நேரம் கடந்து போயிருந்தது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மதியத்துக்கு முன்னால் இன்னுமொரு நேரம் இருக்கிறது, குறைவில்லை என்றார். ஆனாலும் கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "அடுப்பிலை வைச்ச பாலை வீட்டை விட்டு வெளியிலை கொண்டு வந்திட்டானே." நெருப்பு அணைந்த பிறகு நான் பயந்தது அதற்குத்தான். தவம் அண்ணை அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மேற்குச் சுவரின் முன்னால் நின்றார். திறந்த வாயில் பல் விழுந்த இடம் போலப் பலகை போன இடம். கீழே கரித் தண்ணீர். அதைப் பார்த்தார், நிமிர்ந்து முகட்டறை யன்னலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு நேரே மேசைக்குப் போனார். பாலில் விழுந்திருந்த சாம்பல் தூசியை வதனி கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தார். தவம் அண்ணை பானையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நீதானே இதை வெளியிலை கொண்டு வந்தனி?"

"ஓம் அண்ணை."

"அப்ப நீயே உள்ளுக்கை கொண்டு போ."

பானையை என் கையில் தந்தார். நான் முன்னால் நடந்தேன். தவம் அண்ணையும் வதனியும் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். வாசல்படியில் மலர் அக்கா செம்போடு நின்று எல்லோரையும் மறித்தார். கரியும் சேறுமாக இருந்த சொக்ஸைக் கழற்றச் சொல்லி மைஸ்டருக்குச் சைகை காட்டினார். மைஸ்டர் கழற்றி, கோட் சூட்டின் காற்சட்டையை மடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காலை நீட்டினார். வாளியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரை அக்கா அவர் காலில் ஊற்றினார். அன்றைக்கு ஒருவர் விடாமல் எல்லோரும் கால் கழுவிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் போனோம்.

பானையை அடுப்பில் வைத்தேன். எரிந்த மணம் நிறைந்த அந்தக் குசினியில், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு, பால் பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.